நூற்றெண்பதிலேயே நின்ற மேடை

லாரிகளை நிறுக்கும் மேடையில் ஒரு மனிதரை ஏற்றிவிடச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. முந்திரிக்கொட்டை மாதிரி நானேதான் முன்னால் போனேன்.

அவரைத் தார்ப்பாய் அண்ணன் என்போம். லாரி நிறுத்தத்தில், என் எடைமேடைக்கு எதிர்க் கொட்டகையில், கிழிந்த தார்ப்பாய்களைத் தைப்பவர். காலையில் மெஷின் முன் உட்கார்ந்தால் இருட்டும்போதுதான் எழுவார். நடுவில் சர்க்கரை தூக்கலாக ஏழெட்டு டீ, எண்ணெய்ப் பலகாரம். உடம்பு வருஷா வருஷம் ஏறியது. மூட்டை தூக்குபவர்கள் ‘டபுள் லோடு’ என்று பெயர் வைத்தார்கள். அவர் சிரிப்பார், நானும் வெட்கமில்லாமல் சேர்ந்து சிரிப்பேன்.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. மகள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பத்துப் படிக்குள் மூச்சு முட்டி அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பச்சைக் குழந்தையைக் கீழே தூக்கிவந்து காட்டினார்கள். மறுநாள் என்னிடம் வந்து, “பேத்திய தொட்டில்ல பாக்கணும் தம்பி. அவ வீட்டுக்குள்ள போயி பாக்கணும்” என்றார்.

டாக்டரம்மாவிடம் போனார். அங்கிருந்த எடை மெஷின் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் காட்டாது. இவர் ஏறியதும் எண்ணே வரவில்லை. டாக்டரம்மா திட்டவில்லையாம், பொறுமையாகச் சொன்னாராம்: சர்க்கரையை விடுங்கள், பொரித்ததை விடுங்கள், மணிக்கொருமுறை எழுந்து நடங்கள், ஆறு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எடை பார்ப்போம், அதுவரை வாரா வாரம் இடுப்பை நாடாவால் அளந்து எழுதுங்கள். நாள் முழுக்கக் கழுத்தில் நாடா தொங்கும் மனிதர் அதைத்தான் நம்பவில்லை. “இழுத்துப் பிடிச்சா குறையும், விட்டா கூடும். நாடா நம்ம கையிலதானே இருக்கு? எடை போட்டாத்தான் உண்மை தெரியும்.”

பக்கத்துக் கிடங்கில் மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. முந்நூறு கிலோ வரை தாங்கும், நூறு கிராம் கூடினாலும் காட்டும். ஆனால் அங்கே ஏறினால் மூட்டைக்காரர்கள் கூடிவிடுவார்கள். அவருக்குக் கூச்சம். அப்போதுதான் நான், லாரிகள் வருமுன் அதிகாலையில் என் மேடையில் ஏறலாம், ஈ காக்கைக்குத் தெரியாது என்றேன்.

ஏறினார். நூற்றெண்பது. வண்டி எண் எழுதும் இடத்தில் ‘அண்ணன்’ என்று எழுதிச் சீட்டைக் கொடுத்தேன். சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவன். சர்க்கரையில்லாத டீயை மருந்து குடிப்பதுபோல் குடித்தார். தைத்து முடித்த ஒவ்வொரு தார்ப்பாய்க்கும் நிறுத்தத்தை ஒரு சுற்று நடந்தார். வீட்டில் அண்ணி கொடுத்தனுப்பிய காய்கறியை, பக்கத்தில் பலகாரக் கடை மணக்க மணக்க, தலை குனிந்து சாப்பிட்டார். பெல்ட்டில் தார்ப்பாய் ஊசியாலேயே புது ஓட்டைகள் போட்டார். மூன்று போட்டது எனக்கே தெரியும்.

மாதம் ஒருமுறை மேடை ஏறினார். நூற்றெண்பது. மறுபடியும் நூற்றெண்பது. நான்காவது மாதமும் நூற்றெண்பது.

அன்று அவர் மேடையை விட்டு இறங்கவில்லை. “மெஷின் சரியாத்தான் இருக்கா தம்பி?”

எனக்கு ரோஷம் வந்தது. பன்னிரண்டு வருஷமாக நான் பார்க்கும் மெஷினைச் சந்தேகப்படுவதா?

“லாரி லோடையே பிடிச்சுக் குடுக்குற மெஷின்ணே. அது பொய் சொல்லாது. வேற எங்கயாவது வாய் வச்சிருப்பீங்க” என்றேன்.

அவர் இறங்கிக் கொட்டகைக்குப் போனார். அன்று பத்து மணி டீயில் சர்க்கரை இருந்தது. ஒரு வாரத்தில் நடையும் நின்றது. எச்சில் கையால் காக்கா ஓட்டாத நான் அன்றைக்கு அறிவுரையை மட்டும் அள்ளிக் கொடுத்தேன். அந்த நாக்கை என்ன செய்வது?

ஒன்றரை வருஷம் போனது. போன வாரம் ஒரு டிரைவர் என்னோடு சண்டைக்கு வந்தார். பத்து லிட்டர் தண்ணீர் கேனை இறக்கிவைத்த பிறகும் எடை அப்படியே இருக்கிறதாம். நூறு பேருக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். “இது இருபது இருபதாத்தான் தாவும்ங்க. பத்துக் கிலோவெல்லாம் இதுக்குக் கண்ணு தெரியாது.”

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நூற்றெழுபதைத் தாண்டி, நூற்றுத்தொண்ணூறுக்குள் யார் ஏறினாலும் அது நூற்றெண்பதுதான் காட்டும். லாரிக்கு இருபது கிலோ தூசு. மனிதருக்கு? தெரிந்த விஷயம், தினமும் வாயால் சொல்லும் விஷயம், அந்தக் காலைகளில் ஒருநாள்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அண்ணன் இப்போது கொட்டகைக்கு வருவதில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. இனிமேல் நடந்து குறைக்க வழியில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போய், கட்டிலருகே நின்று, எதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டினால் தேவலாம் என்றிருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்.

“அப்போ எவ்ளோ இளைச்சிருப்பேன்?”

“தெரியலண்ணே. இனிமே தெரியவும் வழியில்ல.”

“நாலாவது மாசம் ரெண்டு மாடி ஏறிட்டேன் தம்பி. யார்கிட்டயும் சொல்லல. இன்னும் ஒரு மாடிதான், அடுத்த ஞாயித்துக்கிழமை ஏறிடலாம்னு இறங்கி வந்தேன். மறுநாள்தான் உன் மேடையில நின்னேன்.”

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நடக்கிறாளாம். தாத்தாவைப் பார்க்க, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் அவளே இறங்கி வருகிறாளாம்.