பீரோக் கதவில் ஒட்டிய விருது

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பஞ்சாயத்து. சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டிக் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது, இந்த ஹால் இவ்வளவு சத்தத்தைக் கேட்டதில்லை. என் மகளும் அவளோடு படித்த மூன்று பேரும், இந்த வருஷத்துச் சிறந்த படம் எது, அவார்டை எதற்குக் கொடுக்கணும் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் கட்சிப் படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தாளாம். ஒரு பையன் படத்தையே பார்க்கவில்லை, பார்த்தவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறான். ஆனால் அவன்தான் அதிகம் பேசினான். கடைசியில் போனிலேயே ஓட்டுப் போட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் முடிவு வந்துவிட்டது. அதற்குள் ஒருத்தி பீட்சா சொல்லிவிட, பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் என் மனைவி மோர்மிளகாய் வறுத்தாள். கமறலில் எல்லோரும் இருமினார்கள். எனக்கு இருமலோடு சேர்ந்து ஹெட்கிளார்க் குமாரசாமி சாரும் நினைவில் வந்துவிட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாமக்கல்லில் ஒரு அரசாங்க ஆபீஸில் இருந்தேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், உள்ளே போனால் எல்லாம் ஒன்றுதான். ஃபைல், தூசி, மூன்றில் ஒன்று சுற்றாத ஃபேன். மதியச் சாப்பாடு பழைய ஃபைல்கள் அடுக்கிய ரிக்கார்டு ரூமில். நான்கு பேர் உட்காருவோம். குமாரசாமி சாரின் மனைவிக்கு ரயில்வேயில் வேலை, அதனால் அவர்கள் குடியிருப்பு சேலம் சூரமங்கலத்தில். சார் தினமும் பஸ்ஸில் வந்து போவார். பையில் ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய வறுத்த மோர்மிளகாய் இருக்கும். ஆளுக்கு ஒன்று வைப்பார். யாராவது பேசியது அவருக்கு மனசுக்குப் பிடித்துவிட்டால், ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது மிளகாய் ஒன்று தட்டுக்கு வரும். அந்த இரண்டாவது மிளகாய்க்காக நான் எத்தனை நாள் யோசித்துப் பேசியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

மற்ற இரண்டு பேர் ஜீப் டிரைவர் செல்லமுத்தண்ணனும் டைப்பிஸ்ட் சரோஜாக்காவும். அக்காவுக்கு ஊர் எருமப்பட்டி.

டிசம்பர் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் அவார்டு. அந்த வருஷம் வந்த படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். ஜெயித்த படத்தின் பெயரையும் காரணத்தையும் சரோஜாக்கா டைப் அடிப்பார். அந்தச் சீட்டை ரிக்கார்டு ரூம் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டுவோம். நான் சேர்வதற்கு முன்பே அங்கே ஆறு சீட்டு ஒட்டியிருந்தது. சினிமாக்காரர்கள் யாருக்கும் இப்படி ஒரு அவார்டு வாங்கினோம் என்று கடைசிவரை தெரியாது, பாவம்.

இதற்கு ஒரு சட்டம் உண்டு, போட்டவர் குமாரசாமி சார். தியேட்டர் வாசலில் கிழித்துக் கையில் கொடுக்கும் பாதி டிக்கெட்டை வைத்தால்தான் அந்தப் படத்தைப் பற்றிப் பேசலாம். "ஆதாரம் இல்லாத மனு தள்ளுபடி" என்பார். வாங்கின பாதிகளைக் குண்டூசி குத்தி ஒரு பழுப்புக் கவரில் போட்டு வைப்பார். படத்தில் இல்லாததைச் சொல்லி வாதாடினால் தண்டனையும் உண்டு. அடுத்த வருஷம் முழுக்க அந்த ஆளுக்கு ஓட்டும் இல்லை, பேச்சும் இல்லை, சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம்.

செல்லமுத்தண்ணன் படத்தை எடைபோடுவது வண்டியை வைத்து. "மேட்டுல லாரி ஏறுது, சத்தத்தப் பாத்தா நாலாவது கியருங்க. இதுக்கு எப்படிங்க அவார்டு?" என்பார். குமாரசாமி சாருக்கு மூன்று நாள் மட்டும் ஓடி, பத்துப் பேர் மட்டும் பார்க்கும் படங்கள்தான் பிடிக்கும். சரோஜாக்கா அவருக்கு நேர் எதிர். நாலு பேர் அழுதால்தான் அது படம் என்பார். அக்கா பேச ஆரம்பித்தால் படம் கண்முன்னால் ஓடும். எந்த நடிகை எந்தக் கையால் கண்ணைத் துடைத்தாள் என்பதுவரை சொல்வார்.

ஆனால் அக்கா தியேட்டருக்குள் போயே பல வருஷம் ஆகியிருந்தது. இது அந்த ஆபீஸில் எனக்கு மட்டும் தெரியும். அக்காவின் மாமியார் படுத்த படுக்கை. சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து ஓடினால்தான் அவருக்குச் சோறு ஊட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை என்பதும் அக்காவுக்கு இன்னொரு வேலை நாள்தான். அதனால் திங்கட்கிழமை காலையில் என் மேசைக்கு வந்து, "என்ன படம் பாத்தே சாமி, கதையச் சொல்லு" என்பார். நான் என் அறைத்தோழன் முருகேசனோடு வாரம் ஒரு படம் பார்க்கிறவன். அவனுடைய பாதி டிக்கெட்டை அக்காவிடம் கொடுத்துவிடுவேன். கதை என்னுடையது, டிக்கெட் முருகேசனுடையது, வாதம் அக்காவுடையது. அந்த மதிய மேசையில் மட்டும்தான் அக்கா சிரித்து, சண்டை போட்டு நான் பார்த்திருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் மிஷினும் கடிகாரமும்தான்.

இனி என் குட்டு. ஒரு வருஷம் ஐப்பசியில் ஒரு படம் வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் உடனே போனை எடுத்துத் தேடுவீர்கள். மளிகைக்கடையில் பொட்டலம் கட்டுகிற ஒரு மனுஷன், அவருடைய ஒரே மகள். மகள் தானே ஒருவனைத் தேடிக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போய்விடுகிறாள். அப்பா பேச்சை நிறுத்திவிடுகிறார். இடைவேளை. நாங்கள் போனது மதியக் காட்சி, அதற்கு முன் மெஸ்ஸில் பிரியாணி, தலைக்கு நேர் மேலே ஃபேன். முருகேசன் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டான், நான் இடைவேளைக்குப் பின்னால். விழித்துப் பார்த்தால் அப்பா மகள் வீட்டு வாசலில் நிற்கிறார், மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவருகிறாள், தியேட்டரே மூக்கைச் சிந்துகிறது.

மறுநாள் அக்கா சரியாக அந்த இடத்தில் பிடித்துக்கொண்டார். "பேசாத மனுசன் எப்படி சாமி வாசல்ல வந்து நிக்கறான்? நடுவுல என்னவோ நடந்திருக்கோணுமல்ல?"

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கதை சொல்கிறவனுக்கு உள்ள திமிர், சொல்லவில்லை. மேசையில் ஒரு ஃபைல் கட்டு கிடந்தது. அதன் நூல் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். அப்பா ஒருநாள் பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்து ஒரு பொட்டலம் கட்டுகிறார். மகள் ஊருக்குப் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, யார் கொடுத்தது என்று சொல்லாதே என்கிறார். மகள் வாங்கிப் பார்க்கிறாள். முடிச்சில் ஒரு சுற்று அதிகம், அப்பா மட்டும் போடும் முடிச்சு. புருஷன் "பிரிச்சுப் பாக்கலியா?" என்கிறான். "பிரிச்சா முடிச்சு போயிரும்" என்று சொல்லி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறாள். கண்டக்டர் திரும்பி வந்து அப்பாவிடம் சொல்கிறார். மறுநாள் அப்பா அதே பஸ்ஸில் ஏறுகிறார்.

அக்கா வெகுநேரம் மிஷினில் கை வைக்கவில்லை. எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது. இவ்வளவு சொன்ன பிறகு இதெல்லாம் புளுகு என்று எப்படிச் சொல்வது?

டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. குமாரசாமி சார் ஒரு ஆள் இருபது நிமிஷம் நடந்துகொண்டே இருக்கும் படத்தைக் கொண்டுவந்தார். செல்லமுத்தண்ணனும் அதற்கே ஓட்டுப் போட்டார். அந்தப் படத்தில் வண்டியே இல்லை, அதனால் தப்பும் இல்லை. அக்காவும் நானும் மளிகைக்கடைப் படம். இரண்டுக்கு இரண்டு. அக்கா எழுந்து நின்றே பொட்டலக் காட்சியைச் சொன்னார். செல்லமுத்தண்ணன் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். சார் மட்டும் நெற்றியைச் சுருக்கினார்.

"நானும் பாத்தேனே சரோஜாம்மா. அப்படி ஒரு சீன் இல்லியே."

"ஏனுங்க சார், நீங்க தூங்கிப்போட்டீங்களாட்ட இருக்குது."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருஷ சர்வீஸில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தப்பு என்று ஒப்புக்கொள்ளாத மனுஷர். "சினிமாக் கொட்டாயில நான் தூங்குனதே கிடையாது. அந்தப் படம் எங்க சூரமங்கலம் பக்கம் மறுபடி ஓடுது. ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வரேன். திங்கக்கிழம தீர்ப்பு" என்றார். "பாத்துட்டு வாங்க" என்று அக்கா தைரியமாக உட்கார்ந்தார். அவருடைய தைரியம் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை முழுக்க எனக்கு இதே நினைப்பு. அக்காவின் ஓட்டுப் போகும் என்பதுகூடப் பெரிதில்லை. அவர் தியேட்டர் பக்கமே போவதில்லை என்பது வெளியே வந்துவிடும், அதன்பிறகு அந்த மேசையில் எந்த முகத்தோடு உட்காருவார்? ஞாயிற்றுக்கிழமை காலையில், உண்மையைச் சொல்லிவிடுவது என்று எருமப்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே அக்கா மாமியாருக்குக் கரைத்த சோறு ஊட்டிக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தார். மளிகைக்கடைக் கதைதான்.

"இன்னமும் அந்த முடிச்ச அவுக்கலியா அவ?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அவுக்கலீங்கத்தே. அப்படியேதான் வெச்சிருக்கறா."

"அவுக்க வேண்டாம்னு சொல்லு."

என்னைப் பார்த்ததும் அக்கா, "அட, வா சாமி, நம்மூட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றார். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்றேன். காப்பி குடித்துவிட்டு, "போய்ட்டு வாரேனுங்க்கா" என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நான் அப்படியொன்றும் தைரியசாலி இல்லை.

திங்கட்கிழமை மதியம் சார் வந்து உட்கார்ந்தார். பாட்டிலைத் திறந்து ஆளுக்கொரு மிளகாய் வைத்தார். ரசம் சாதத்தை முடித்தார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நேத்து படம் பாத்தேன். சரோஜாம்மா சொன்ன சீன் இருக்குது. நான்தான் கவனிக்கல."

"அப்ப நீங்க தூங்குனது நெசந்தானுங்க சார்" என்றார் செல்லமுத்தண்ணன்.

"இருக்கும்" என்றார் சார். "என் ஓட்டும் அதுக்கே."

அக்கா வெற்றியில் சாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சார் பாட்டிலிலிருந்து இன்னொரு மிளகாய் எடுத்து என் தட்டில் வைத்தார். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அக்கா டைப் அடித்தார்: காரணம், பொட்டலத்தின் முடிச்சை அவிழ்க்காத காட்சி.

அந்தக் கதை என்னுடையது என்று சாருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. சார் ரிட்டயர் ஆன அன்று அந்தப் பழுப்புக் கவரை என்னிடம் கொடுத்தார். "இத நீ வச்சுக்க. அடுத்தடுத்த நம்பரா ரெண்டு ரெண்டு இருக்கும். ஆடிட் வந்தா மாட்டிக்குவே" என்றார். பிரித்துப் பார்த்தேன். என் டிக்கெட்டும் அக்கா வைத்த டிக்கெட்டும் வருஷக்கணக்காக ஒட்டிய நம்பர்கள். வாழ்நாள் முழுக்க நம்பர் சரிபார்த்த ஒரு ஹெட்கிளார்க்கிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்த புத்திசாலி நான். வேறு யாராக இருந்தாலும் அந்த நம்பர்களை வைத்து வேறு கதை கட்டியிருப்பார்கள். இவர் ஆபீஸில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குமேல் நாங்களும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பிறகு ஆபீஸ் புதுக் கட்டிடத்துக்கு மாறியபோது பழைய பீரோவை ஏலத்தில் விட்டார்கள். நான் அப்போது மாற்றலாகிச் சேலத்தில் இருந்தேன். கதவோடு சீட்டுகளும் போய்விட்டன. செல்லமுத்தண்ணன் மகனோடு ஓசூர் போய்விட்டதாகக் கேள்வி. குமாரசாமி சார் தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குக் கொஞ்சநாள் கழித்து அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். சரோஜாக்கா எருமப்பட்டியிலிருந்து போன் செய்தார். மாமியாரும் போய், வேலையும் முடிந்து, முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்.

"டிவிக்காரன் அந்தச் சீன வெட்டிப்போட்டான் சாமி. அதையப் போயி வெட்டுவாங்களா?"

"ஆமாங்க்கா, வெட்டிட்டாங்க" என்றேன்.

மறுபடி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மிளகாய்க் கமறல் அடங்கியதும் மகள் என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க பாத்ததுலயே எதுக்கு அவார்டு கொடுப்பீங்க?" என்று கேட்டாள். யோசிக்காமல் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். பொட்டலக் காட்சியையும் சொன்னேன். நால்வரும் பீட்சாப் பேச்சை விட்டுவிட்டுக் கேட்டார்கள். சொல்லி முடிப்பதற்குள் மகள் போனில் படத்தைப் பிடித்துவிட்டாள். விரலால் தள்ளித் தள்ளி இடைவேளையிலிருந்து அப்பா வாசலில் நிற்கும் இடம்வரை தேடினாள். அங்கே மாமா ஒருவர் வந்து சமாதானம் பேசுகிறார், ஒரு பாட்டு வருகிறது, அவ்வளவுதான்.

"அப்படி ஒரு சீனே இல்லியேப்பா. தியேட்டர்ல நீங்க தூங்கிட்டீங்களா?"

நான் சுற்றிலும் பார்த்தேன். இருக்குது, நான்தான் கவனிக்கல என்று சொல்வதற்கு அந்த ஹாலில் யாரும் இல்லை.