தள்ளினால் ஏறும்

கோணியூசி என்று அவளுக்குப் பெயர் வைத்தது பழைய கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள். இருபது வருஷமாக மூட்டைகளின் வாயைத் தைத்தவள். தன் வாயை மட்டும் தைக்கத் தெரியாதவள். கூலியில் கை வைத்தால் மேஸ்திரி என்றும் பார்க்க மாட்டாள், முதலாளி என்றும் பார்க்க மாட்டாள். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கிடங்கை இடித்துவிட்டு ஊர் எல்லை வரைக்கும் நீளமாகப் புதிதாக ஒன்று கட்டினார்கள். அங்கே முதுகுக்கு வேலை இல்லை, எல்லாம் ஃபோர்க்லிஃப்ட் வண்டிதான். முன்னால் இரண்டு இரும்பு நாக்கை நீட்டிக்கொண்டு, பத்து ஆள் சுமையை ஒரே மூச்சில் தூக்கிவிடும். உள்ளூர்க்காரர்களுக்குத்தான் முதல் வேலை, பயிற்சியும் இலவசம் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள், வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

அவள் புருஷன் மூட்டை தூக்கியே இடுப்பு விட்டுப்போய்ப் படுத்திருந்தான். அதனால் இவள் கிளம்பினாள்.

"இந்த வயசுல வண்டி ஓட்டப் போறியா?" என்று அவன் சிரித்தான்.

"நீ படுத்துக்கிட்டுச் சிரி. நான் உக்காந்துக்கிட்டுச் சம்பாதிக்கிறேன்" என்றாள்.

பயிற்சி மையத்தில் இருந்தது ஒரே ஒரு வண்டி. எங்கேயோ ஓடி ஓய்ந்ததற்குப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். ரிப்பேர் பார்த்த புண்ணியவான் தூக்கும் லிவரின் கம்பியைத் திருப்பி மாட்டித் தொலைத்திருந்தான். மற்ற வண்டிகளில் லிவரை இழுத்தால் சுமை ஏறும், தள்ளினால் இறங்கும். இதில் தள்ளினால் ஏறும், இழுத்தால் இறங்கும்.

சொல்லிக்கொடுக்க வந்த மாஸ்டர் அதை மறைக்கவில்லை. "வேலைக்குப் போற இடத்துல இதுக்கு நேர்மாறா இருக்கும். ஞாபகம் வச்சுக்கங்க" என்றார்.

"அப்போ இதைச் சரி பண்ணிட்டுச் சொல்லிக் குடுங்களேன்" என்றாள் கோணியூசி.

"பயிற்சிக்குத்தான்மா பணம் வந்திருக்கு. ரிப்பேருக்கு வரல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

அட்ஜஸ்ட்! இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே எத்தனை பேர் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

அவள் வெறிபிடித்த மாதிரி கற்றாள். சோறு கிளறும்போதுகூடக் கரண்டியை முன்னால் தள்ளிப் பார்ப்பாள். வகுப்பில் முதல் ஆளாகத் தேறினாள், புதுக் கிடங்கில் வேலையும் கிடைத்தது. புருஷனின் தங்கை, அவளும் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு தனியாகத் தத்தளித்தவள். கையைக் காலைப் பிடித்து அந்த நாத்தனாரையும் துணை ஆளாக அங்கேயே சேர்த்துவிட்டாள்.

புது வண்டியில் லிவரைத் தொடும்போதெல்லாம் "மாத்து" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். சொன்னால் கை சரியாகப் போகும்.

"என்னம்மா, மந்திரம் போட்டு ஓட்டறியா?" என்று சூப்பர்வைசர் கேலி செய்தார். அவளும் சிரித்து மழுப்பினாள். உண்மையைச் சொன்னால் சீட்டு கிழிந்துவிடும் என்று பயம்.

மாசங்கள் நல்லபடியாகப் போயின. வாடகை பாக்கி தீர்ந்தது, புருஷனுக்கு இடுப்புப் பட்டை வந்தது. அப்புறம் ஒரு மத்தியானம், டைல்ஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். சுமை தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நின்றது. கீழே ஒரு மரக்கட்டை கிடந்தது. அதை ஒதுக்குவதற்காக நாத்தனார் சட்டென்று காலை உள்ளே நீட்டினாள். சுமை லேசாக ஆடியது.

"தூக்கு, தூக்கு" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

மாத்து என்று சொல்ல அவளுக்கு நேரமில்லை. கை அதற்குத் தெரிந்ததைச் செய்தது. லிவரைத் தள்ளினாள்.

நாத்தனாரின் பாதம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். கோணியூசியை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். மற்ற உள்ளூர்க்காரர்களை வண்டியிலிருந்து இறக்கி ஆளுக்கொரு துடைப்பத்தைக் கொடுத்தார்கள். "இவங்க கையில மெஷினைக் குடுத்தா இப்படித்தான்" என்று பேச்சு. எந்த மெஷினில் பழகிவிட்டு வந்தார்கள் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாத்தனார் கண் திறந்திருந்தது.

"தூக்குன்னுதானே கத்துனாங்க, அண்ணி?"

"ஆமா."

"அப்புறம் ஏன் இறக்குனீங்க?"

"தூக்கத்தான் செஞ்சேன். சத்தியமா தூக்கத்தான் செஞ்சேன்" என்றாள். பயிற்சி மையத்து லிவரைப் பற்றி அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறந்து சொன்னாள். அழுகை வந்து பேச்சு பாதியில் நின்றது.

நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்.

"என் பொண்ணு போன மாசத்துலேர்ந்து அந்த மையத்துக்குத்தான் போறா, அண்ணி. வேற கிடங்குல ஆள் எடுக்கறாங்களாம். இனிமே அவ சம்பாத்தியம்தானே."

கோணியூசி அங்கிருந்து நேராக மையத்துக்கு ஓடினாள். அதே வண்டி, அதே பெயின்ட். மாஸ்டர் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேல சொல்லியிருக்கேன்மா. இந்த பேட்ச் முடிஞ்சதும் பாக்கலாம்னாங்க."

அவரை ஏச அவளுக்குத் தெம்பில்லை. வண்டியின் சீட்டில் நாத்தனார் மகள் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண்.

"இறங்குடி கண்ணு. இந்த வண்டி வேண்டாம்."

"இறங்கிட்டு? அம்மாவுக்கு மருந்து யாரு வாங்கறது?" அவள் குரலில் கோபம் இல்லை.

"கை தப்பாப் பழகிடும்டி. அப்புறம் போகாது."

"எனக்குத் தெரியும் அத்தை, மாஸ்டர் சொல்லிட்டாரு. அங்க போய் மாத்திக்குவேன்." லிவரைப் பார்க்காமலேயே அதன்மேல் கை வைத்தாள். "முதல்ல யோசிச்சு யோசிச்சுத்தான் பண்ணேன். இப்போ பாருங்க, கை தானாப் போகுது."

அவள் தள்ளினாள். சுமை ஏறியது.