ரானுயியில் ஈர விறகு

நியூசிலாந்தின் ஆக்லாந்து, ஆகஸ்ட் 1996. குளிர்காலம் முடியப்போகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். குளிருக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நகரின் புறப்பகுதியான ரானுயியில் நான் தங்கியிருப்பது யாழ்ப்பாணத்துக்காரரான ரத்தினம் வீட்டில். கூடத்து மூலையில் இருக்கும் விறகு அடுப்பின் முன்னால் மண்டியிட்டு அவர் ஊதிக்கொண்டிருக்கிறார். இன்று காலை வாங்கிவந்த விறகு முனையில் நுரை தள்ளிச் சீறுகிறது. வீடெல்லாம் புகை.

"ஈரமா இருக்குங்களே," என்கிறேன்.

"காய்ஞ்ச விறகு எண்டுதான் தந்தவன். கொஞ்சம் பொறுங்கோ, பிடிக்கும்."

அரை மணி நேரம் பொறுத்துப் பார்க்கிறோம். எரிவது எங்கள் கண்கள்தான். காய்ச்சலோடு சோபாவில் நடுங்கிக்கொண்டிருக்கும் அவர் மனைவி வாசுகி, இருமியபடியே எழுந்து கராஜுக்குப் போகிறார். திரும்பி வரும்போது கையில் இரண்டு பலகைகள். ரத்தினம் மூன்று வருடமாகச் செய்துகொண்டே இருக்கும் புத்தக அலுமாரியின் தட்டுகள் அவை.

"ஐயோ, அது என்ர அலுமாரியப்பா!"

"ஓம். நல்லாக் காய்ஞ்சிருக்கு. கொத்துங்கோ."

ரத்தினம் ஆதரவு தேடி என்னைப் பார்க்கிறார். நான் புகையைப் பார்க்கிறேன். வேறு வழியில்லாமல் கோடரியை எடுக்கிறார்.

பலகை உள்ளே போனதும் தீ குப்பென்று பிடிக்கிறது. பத்து நிமிடத்தில் நான் குல்லாவைக் கழற்றிவிடுகிறேன். வாசுகி நடுக்கம் நின்று, சோபாவிலேயே அயர்ந்து தூங்கிப்போகிறார். ரத்தினம் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்க்கிறார். பிறகு என் காதருகே குனிகிறார்.

"கராஜில அலுமாரியின்ர பக்கப் பலகையும் கிடக்கு. சத்தம் போடாமல் வந்து ஒரு கை பிடியுங்கோ."