இடிக்கடவுளின் மகள்

அந்த டிசம்பர் லீவு முழுவதும் நான் ரோமாபுரியில் இருந்தேன். வெளியே ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் மழை விடவில்லை. தொழிலாளர் லயத்துக் காம்பிரா அறையில் விரித்த பாயில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் என்னால் உட்கார முடிந்ததில்லை.

ஆட்டத்தைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பலகை, காய் எதுவும் கிடையாது. படம் வரைய ஒரு கொப்பி, இருபது முகமுள்ள நீலப் பகடை, மாமாவின் வாய். அவர் ரோமாபுரியில் நடக்கும் கதை சொல்வார். கதைக்குள் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். நாங்கள் பாதி மனிதர், பாதி தெய்வம். அக்கா போர்க்கடவுளின் மகள். நான் இடிக்கடவுளின் மகள். அம்மா பூமியில், அப்பா வானத்தில்.

அக்காவுக்கு வாள் சண்டை போதும். எனக்கு அப்பாவைக் கண்டுபிடிக்க வேண்டும். சிப்பாயிடம் கேட்டேன், மீன்காரியிடம் கேட்டேன், சாகக் கிடந்த அரக்கனைக்கூட விடவில்லை. மாமா ஒவ்வொரு தடவையும் கதையை வேறு பக்கம் திருப்பினார். நடுவில் பதுளை பஸ் வளைவில் முனகினால் எழுந்து வாசலுக்கு ஓடுவேன். எங்கள் அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. கடிதம் நின்று ஒரு வருஷம்.

மாமா ஊருக்குப் போவதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, நான் பிடிவாதமாகக் கதையில் இடிக்கடவுளின் மலையுச்சிக் கோயிலுக்கு ஏறிவிட்டேன்.

"பதினஞ்சுக்கு மேல விழுந்தா சாமி பேசுவாரு," என்றார் மாமா வேறு வழியில்லாமல்.

பத்தொன்பது விழுந்தது.

மாமா அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். அங்கே அம்மா ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்திருந்தாள்.

"சாமி கோயில்ல இல்ல புள்ள," என்றார் மாமா.

"எங்க போனாரு?"

"வேற ஊருல இருக்காரு."

"கப்பல் இருக்குல்ல? நான் போறேன்."

"போக முடியாதும்மா."

"பொய்! பத்தொம்பது விழுந்துச்சு! நீங்க ஆட்டத்துல அழாப்புறீங்க!"

அக்கா பகடையைப் பொத்திக்கொண்டு, "போதும் மாமா, விடுங்க," என்றாள். நான் கொப்பியைப் பிடுங்கி, மாமா வரைந்திருந்த ரோமாபுரியை நாலாகக் கிழித்தேன். அவர் தடுக்கவில்லை.

அம்மா புகையிலிருந்து எழுந்து வந்தாள். "அவரு வரமாட்டாருன்னு சொல்லிட்டுப் போ தம்பி. சும்மா அலைய விடாத," என்றாள். பிறகு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் மட்டும் சாப்பிடவில்லை.

மறுநாள் மாமா கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொன்னதற்கு நான் தலையாட்டக்கூட இல்லை. மூன்று மாதம் அவருக்குக் கடிதம் எழுதவில்லை.

கொழும்பில் அப்பாவை இன்னொரு பெண்ணோடும் கைக்குழந்தையோடும் பார்த்துவிட்டு, அதை அம்மாவிடம் சொல்வதற்காகவே மாமா அந்த லீவில் வந்திருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது. வந்த அன்றே சொல்லியும்விட்டார், அக்கா ஒட்டுக்கேட்டிருக்கிறாள். நான் கேள்வி கேட்காமல் இருக்கத்தான் அவ்வளவு பெரிய ரோமாபுரியைக் கட்டியிருக்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம், பத்தொன்பது விழுந்தும் அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்பது மட்டும்தான். அப்பா மேல் எனக்குத் துளிக் கோபமும் இருக்கவில்லை.