ஹீட் மீட்டர் பதினேழு முறை ஏறிய நாள்

எங்கள் தேங்காய் எண்ணெய் மில்லில் இருப்பது ஒரே ஒரு லாரி. பத்தொன்பது வருடமாக அதை ஓட்டுகிறவரும் ஒரே டிரைவர்தான். இந்த வருடம் வெயில் தொடங்கிய நாட்களில் அந்த லாரியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரின் முள் தாறுமாறாக ஆடத் தொடங்கியது. நடுவில் நிற்க வேண்டிய முள் சிவப்புக் கோடு வரை போகும். சற்று நேரத்தில் தானாகவே திரும்பி வரும்.

காங்கேயத்தில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், எஞ்சினைத் திறக்க வேண்டும் என்றார். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இப்படி ஆகும் என்றும் சேர்த்துச் சொன்னார். நான் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். அன்று மாலையே டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தண்ணி பாத்துத்தான் ஓட்டுனியா? நெசத்தச் சொல்லு."

"தெனமும் பாத்துட்டுத்தானுங்க வண்டிய எடுக்கறேன். எஞ்சின் சூடாகலீங்க. முள்ளுதான் பொய் சொல்லுது."

"முள்ளு எதுக்குப்பா பொய் சொல்லோணும்?"

"அப்ப நான் எதுக்குங்க பொய் சொல்லோணும்?"

எஞ்சினைத் திறந்து, தண்ணீர் இல்லாமல் ஓட்டியதுதான் காரணம் என்று தெரிந்தால் தானே வேலையை விட்டுப் போய்விடுவதாக டிரைவர் சொன்னார். "தெரியாட்டியும் போறதா இருக்கறனுங்க. இத்தன வருசம் கழிச்சு இப்படிக் கேட்டுப்போட்டீங்களே" என்றார். எஞ்சினை விட இந்தப் பேச்சுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. பத்தொன்பது வருடத்தில் அவர் வண்டியில் உடைந்த டின்கள் மொத்தமே மூன்று. அப்படி இன்னொருவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?

கோவையில், கணபதி பகுதியில் தனக்குத் தெரிந்த ஓர் எலக்ட்ரீஷியனிடம் முதலில் காட்டலாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். கோவைக்கு மறுநாள் நானூறு டின் லோடு இருந்தது. நானும் ஏறிக்கொண்டேன், கையில் ஒரு நோட்டுடன். முள் ஏறும்போதெல்லாம் மணியையும் இடத்தையும் குறித்தேன். முதல் ஐந்து தடவை வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஐந்து தடவையும் இறங்கிப் பார்த்தோம். கூலன்ட் தண்ணீர் டப்பாவில் அளவு அதே கோட்டில் இருந்தது. ஆறாவது தடவை அவர் நிறுத்தவில்லை.

"இப்படி நின்னு நின்னு போனா எண்ணெய் உறைஞ்சு போயிருமுங்க."

"வெயில்ல எப்படி உறையும்?"

"நாம போய்ச் சேர்றதுக்குள்ள மார்கழி வந்துருமுங்க."

நான் சிரிக்கவில்லை. கணபதி போய்ச் சேரும்போது நோட்டில் பதினேழு இருந்தது.

எலக்ட்ரீஷியன் நாற்பது வயதுக்காரர். பானெட்டைத் திறப்பதற்கு முன்பு என் நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார்.

"ஏனுங்கய்யா, வர்ற வழியில ரெண்டு பாலம் ஏறுனீங்க. இத்தன லோடோட ஏறயில முள்ளு ஏறலீங்களா?"

இல்லை. எழுதியவன் நான், எனக்கு அது உறைக்கவே இல்லை. பதினேழு இடங்களும் பஸ் ஸ்டாண்டு வாசல், நாற்சந்தி, கடைவீதித் திருப்பம். எஞ்சின் மூச்சு வாங்கும் ஏற்றத்தில் ஒன்றுகூட இல்லை.

"அந்த எடத்துலயெல்லாம் டிரைவரண்ணன் என்னத்தப் பண்ணியிருப்பாரு? இன்டிகேட்டர் போட்டிருப்பாரு, ஹாரன் அடிச்சிருப்பாரு" என்றவர், எஞ்சினை ஓடவிட்டு இன்டிகேட்டரைப் போட்டார். விளக்கு மினுக்கும்போதெல்லாம் முள் தலையாட்டியது. நான் எண்ணினேன். விளக்கு பத்து முறை, முள் பத்து முறை. ஹாரனை அழுத்தினார், முள் சிவப்பைத் தொட்டது. அந்த நேரத்திலேயே, சுடுநீர் எஞ்சினை விட்டு வெளியேறும் இடத்தில், துப்பாக்கி போலப் பிடித்து வெப்பம் பார்க்கும் கருவியைக் காட்டினார். எண்பத்து நான்கு டிகிரி. இருக்க வேண்டிய அளவு.

பிறகு ஒரு வயரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை கேபின் தகட்டிலும் வைத்துப் பிடித்துக்கொண்டு, டிரைவரை ஹாரன் அடிக்கச் சொன்னார். முள் அசையவில்லை. கேபினையும் லாரியின் அடிச்சட்டமான சேஸிஸையும் இணைக்கும் எர்த் வயர் சரியாகத் தொடவில்லை, அதனால் ஹாரனுக்கும் விளக்குக்கும் போகும் கரண்ட் மீட்டரைக் குழப்புகிறது என்று விளக்கினார். கீழே படுத்து அந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில், வயர் தகட்டைத் தொட வேண்டிய இடத்தில், பளபளவென்று நீல பெயிண்ட்.

"போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் அடிக்கச் சொன்ன புண்ணியவான் யாருங்க?"

டிரைவர் தெருவைப் பார்த்தார். சமீபத்தில் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போவதற்கு முன் லாரிக்கு பெயிண்ட் அடித்தபோது, துரு ஏறக் கூடாது என்று கேபினைச் சுற்றியுள்ள நாற்பத்திரண்டு போல்ட்டையும் கழற்றி அடியிலும் இரண்டு கோட் அடிக்கச் சொன்னவன் நான்தான். பக்கத்தில் நின்று எண்ணியவனும் நான்தான்.

"நான்தானுங்க" என்றேன்.

"நல்லவேளை எஞ்சினத் தொறக்கலீங்க" என்றார் டிரைவர், எலக்ட்ரீஷியனைப் பார்த்து. "தொறந்திருந்தா பிஸ்டனுக்கும் ரெண்டு கோட் அடிச்சிருப்பாரு."

இருவரும் சிரித்தார்கள். இந்த முறை நானும் சிரித்தேன். பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயரை முறுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சூலூர் தாண்டியதும், "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா" என்றேன்.

"என்றகிட்ட சொல்லி என்னுங்க பண்றது? ஊட்டுல சொல்லோணும். திருப்பூர்ல வேற வண்டி பாக்கச் சொல்லி அவ தம்பிக்குப் போன் போட்டுட்டா."

ஓரமாக நிறுத்தச் சொல்லி, அவர் போனிலேயே அவர் மனைவியைக் கூப்பிட்டேன். நடந்ததை போல்ட் எண்ணிக்கையோடு சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. எத்தனை விசில் என்று அன்று நான் எண்ணவில்லை.

"சரிங்க. நாளைக்கு எத்தன மணிக்கு லோடுங்க?"

"அஞ்சரைக்கு அம்மணி."

"அப்ப அவர வெரசா ஊட்டுக்கு அனுப்புங்க. வழியில நிறுத்தி நிறுத்திப் பேசிட்டிருந்தா மனுசன் எப்பத்தான் தூங்கறது?"

போனை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.