பச்சை படிந்த மஞ்சள் கரு

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் இருந்த வீட்டுக்காரர் தம் கடைசிப் பசுவையும் விற்றபோது, கொட்டகையில் அரை மூட்டைப் பருத்திப் புண்ணாக்கு மிஞ்சியது. அது குப்பை வண்டியில் ஏறுவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தீனியை வீணாக்குவது சமூகக் குற்றம் என்று நம்புகிறவன் நான்; அதை ஊருக்கே சொல்லித் திரிகிறவனும்கூட. மூட்டையை ஸ்கூட்டரில் ஏற்றி, அடுத்த தெருவில் பதினோரு நாட்டுக்கோழிகள் வளர்க்கும் அக்காவிடம் சேர்த்தேன்.

"மாட்டுத் தீனியாச்சே தம்பி, கோழி துன்னுமா?"

"புரதம் நிறைய இருக்கு அக்கா. தாராளமா போடுங்க."

காட்டாங்குளத்தூரில் உயிர்வேதியியல் படித்தவன் சொன்னதால் அவர் மறுபேச்சு பேசவில்லை.

எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேருக்கு அக்காவின் முட்டைதான். எந்தக் கோழி இட்டது என்று சொல்லித்தான் தருவார். "இது கலெக்டரம்மா போட்டது, சூடு ஆறல பாரு" என்று என் உள்ளங்கையில் வைப்பார். நான் அன்றன்றே அவித்துத் தின்றுவிடுவேன்.

மூன்று வாரம் கழித்து, மூன்றாம் மாடி அம்மா கேட் அருகே அக்காவை நிறுத்தினார். மகள் பிரசவத்துக்கு வந்திருந்ததால் முட்டைகளை வாங்கி ஃபிரிட்ஜில் சேர்த்து வைத்திருந்தார். கையிலிருந்த கிண்ணத்தில் மஞ்சள் கரு, பாசி பிடித்த குட்டைபோல் பச்சையாகக் கிடந்தது.

"பழசையெல்லாம் எங்க தலையில கட்டறியா? பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கற பொருள்!"

"அன்னன்னிக்கு இட்டதும்மா. என் கையால எட்த்துகினு வந்தேன்."

"அப்போ இது என்ன?"

இரண்டு நாளில் மற்ற வீடுகளும் வாங்குவதை நிறுத்தின. கோழிகளுக்கு ஏதோ நோவு என்று அக்காவே முடிவு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் கறிக்கடைக்குக் கொடுத்துவிடப் போவதாக என்னிடம் சொன்னபோது, கலெக்டரம்மா அவர் காலடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

ஃபிரிட்ஜ், பச்சை என்ற இரண்டு சொற்களும் என்னை விடவில்லை. பழைய பாடக்குறிப்புகளைத் தேடி எடுத்தேன். பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பருத்திச் செடி தன் விதையில் சேர்த்து வைக்கும் நஞ்சு, காஸிபால். வளர்ந்த மாட்டின் இரைப்பை அதைப் பெருமளவு கட்டிப்போடும். கோழிக்கு அந்த வசதி கிடையாது. அது முட்டைக்குள் இறங்கி, முட்டை குளிரில் நாள்கணக்காக இருக்கும்போது கருவைப் பச்சையாக்கும். தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

கால்நடை மருத்துவரிடம் விசாரித்தேன். தீனியை உடனே நிறுத்துங்கள், சில வாரங்களுக்கு முட்டை விற்க வேண்டாம் என்றார். வேறு தீனி போடுங்கள் என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம். கோழிகள் பிழைத்திருக்கும், ஆனால் பழைய முட்டை விற்றவர் என்ற பெயர் அக்காவோடு தங்கியிருக்கும். சனிக்கிழமை காலையே அவர் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் அப்பவே கேட்டேனா இல்லியா? துன்னுமான்னு கேட்டேனே!"

"கேட்டீங்க அக்கா."

"பேஜார் பண்ணிட்டியே தம்பி. கலெக்டரு தப்பிச்சா, உனக்குப் புண்ணியம்." பிறகு செருப்பை மாட்டினார். "வா, மூணாவது மாடிக்கு. நீயே சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா பாதிதான் நம்பினார். "படிச்ச பையன், அக்காவைக் காப்பாத்தறதுக்காக இப்படிச் சொல்ற" என்றார்.

மீதியை நம்பவைக்க அக்காவே வழி கண்டார். தீனி மாறி ஒரு மாதம் ஆனதும் ஆறு முட்டைகளைக் கொண்டுவந்து, அந்த அம்மாவின் ஃபிரிட்ஜிலேயே வைக்கச் சொன்னார். "பதினைஞ்சு நாள் தொடாதீங்கம்மா. அப்புறம் நீங்களே ஒடைங்க. இந்தத் தம்பியும் வந்து நிக்கட்டும்."

அந்தக் காலையில் நான் சமையலறையில் நின்றேன். அக்கா உள்ளே வர மறுத்து வாசற்படியிலேயே முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அந்த அம்மா ஒவ்வொன்றாக உடைத்தார். ஆறும் மஞ்சள்.

"எப்படி இருக்குதாம்?" என்றார் அக்கா, திரும்பாமலே.

"நீயே வந்து பாரேன்" என்று அந்த அம்மா கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துப் போனார். "இதுல கலெக்டர் போட்டது எது?"