பத்துக்குப் பத்து வாங்கிய மனு

மூன்று வருடங்களுக்கு முன், மே மாத வெயிலில், கள்ளக்குறிச்சியில் மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி முகாம் நடத்தினோம். எட்டாவதிலிருந்து பத்தாவது முடித்தவர்கள் வரை நாற்பது பேர். மாதிரித் தேர்தல், மாதிரி கிராம சபை என்று பத்து நாள் அமர்க்களம். நான் சமூக அறிவியல் ஆசிரியை. மனு எழுதச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற நினைப்பு வேறு எனக்கு.

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பலகையில் எழுதிப் போட்டு, "உங்க ஊர்ப் பிரச்சினைய எழுதுங்க" என்றேன். டவுன் பிள்ளைகள் சாக்கடை, தெருநாய் என்று எழுதினார்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்து, சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண், காலைப் பேருந்து பற்றி எழுதியிருந்தாள். அது கூட்டு ரோட்டோடு திரும்பிவிடுகிறது. அங்கிருந்து அவள் ஊருக்கு நாலு கிலோமீட்டர், காட்டு வழி. பத்தாவதுக்கு மேல் ஊரில் பள்ளி இல்லை; பதினொன்றாவதுக்குத் தனியாக அனுப்ப மாட்டேன் என்கிறார் அம்மா. பேருந்தை ஊர் வரை விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், இருபது பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி வந்திருந்தாள். பயிற்சித் தாளுக்கு யாராவது கைநாட்டு வாங்குவார்களா? எனக்கு உறைக்கவில்லை.

"மிஸ், இத நீங்களே குடுத்துடுவீங்களா?" என்று கேட்டாள்.

நிறைவு விழா பரபரப்பில் இருந்தேன். "நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றேன். சிவப்பு மையில் இரண்டு எழுத்துப்பிழை திருத்தி, பத்துக்குப் பத்து போட்டு, சிறந்த மனு என்று கோப்பையும் கொடுத்தேன். தாளைப் பள்ளியின் கண்ணாடிப் பலகையில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லாம் பாராட்ட, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த பொங்கல் விடுமுறையில் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மூட்டை முடிச்சுகளோடு அம்மாவும் இருந்தார். குடகுக்கு மிளகு பறிக்கப் போகிறார்களாம்.

"படிக்கலியாம்மா?"

"இல்ல மிஸ். பஸ்ஸு வந்தாதான் அனுப்புவேன்னு அம்மா சொல்லிடுச்சி. நம்ம மனுவுக்கு இன்னும் பதில் வரலிங்களா?"

அம்மா மகளைக் காட்டிச் சொன்னார்: "ஊரே சேந்து கலெக்டராபீசுக்குப் போலாம்னுதாங்க இருந்தோம். இதுதான், மிஸ் குடுத்துக்கிறாங்க, திரும்பக் குடுத்தா கோவிச்சிக்குவாங்கன்னு நிறுத்திடுச்சி."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "வந்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பத்து மதிப்பெண் போட்ட தாளை எந்த அலுவலகத்தில் கொடுப்பது? புதிதாக எழுதி எடுத்துக்கொண்டு மலையேறினேன். நடந்ததைச் சொன்னேன். ஒருவர்கூடத் திட்டாமல் மறுபடியும் கைநாட்டு வைத்தார்கள். திட்டியிருக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தேன். ஆறே வாரத்தில் பேருந்து ஊருக்குள் போனது.

குடகிலிருந்து அவர்கள் திரும்பியதும், பள்ளிக்குக் கூப்பிட அதே பேருந்தில் போனேன். நடந்ததை அவளிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"குடுத்தா இவ்ளோ சீக்கிரம் வந்துடுமா மிஸ்?"

எத்தனை சொல்லியும் அவள் படிக்க வரவில்லை. "சின்னப் புள்ளைங்களோட உக்காரக் கூச்சமா கீது மிஸ்" என்று சொல்லிவிட்டாள். இன்று அந்தப் பேருந்தில் அவள் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் பள்ளிக்குப் போகிறார்கள்.

இப்போதும் முகாம் நடத்துகிறேன். பிள்ளைகள் எழுதும் மனுவை அவர்கள் கையாலேயே கொடுக்க வைத்து, ரசீது வாங்கிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்புகிறேன். அந்தப் பழைய தாள் என் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், எழுத்துப்பிழை தேடிய கண்ணால் அந்தக் கைநாட்டுகளை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளை படித்திருக்குமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.